கடமைப்பட்டவரும் கவனிப்பவரும்: முதிய பெற்றோர் பராமரிப்பும் இந்தியச் சட்டமும்

2007 மார்ச்சில் நாடாளுமன்றத்தில் முன்வைக்கப்பட்ட பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்ட முன்வரைவு, தன் நோக்க உரையில் ஒரு சிறு வரலாற்றையும் சொன்னது. முதியோரைப் பேணுவது இந்தியச் சமூகத்தின் மரபு. கூட்டுக் குடும்பம் நலிந்ததால் முதியோர் பலர் குடும்பத்தாரால் கைவிடப்படுகின்றனர். ஆகவே சட்டம் தேவைப்படுகிறது என்பது அதன் சாரம். நீதிமன்றத் தீர்ப்புகளிலும் மேடைப் பேச்சுகளிலும் இதே வரலாறு மீண்டும் மீண்டும் ஒலிக்கிறது. ஆனால் கடந்த இரு நூற்றாண்டுகளின் சட்ட ஆவணங்களை வரிசையாகப் படிப்பவருக்கு வேறொரு கதை புலப்படும். பெற்றோருக்குச் சோறிட வேண்டியவர் யார் என்று சட்டம் கேட்டிருக்கிறது. அவர்களுடைய சொத்து யாரிடம் இருக்கிறது என்றும் கேட்டிருக்கிறது. அவர்களை நாள்தோறும் குளிப்பாட்டி, மருந்து கொடுத்து, இரவில் எழுந்து பார்ப்பவர் யார் என்ற கேள்வியை மட்டும் அது கேட்டதில்லை.

1. கூட்டுக் குடும்பம் என்னும் நினைவு

நலிந்துபோனதாகச் சொல்லப்படும் கூட்டுக் குடும்பம் ஒருகாலத்தில் எங்கும் நிறைந்திருந்ததா என்பதே முதல் ஐயம். சமூகவியலாளர் ஏ. எம். ஷா 1973இல் வெளியிட்ட நூலில், குஜராத் கிராமம் ஒன்றின் தரவுகளைக் கொண்டு, 'குடும்பம்' என்பதையும் 'ஒரே மனையில் வாழும் குழு' என்பதையும் பிரித்துப் பார்க்க வேண்டும் என்று வாதிட்டார். சாத்திரமும் சட்டமும் பேசிய கூட்டுக் குடும்பம் பெரும்பாலும் சொத்துரிமை பற்றிய ஏற்பாடு. ஒரே அடுப்பில் உண்ட பெருங்கூட்டம் என்று அதற்குப் பொருள் இல்லை. 20ஆம் நூற்றாண்டின் முற்பாதியிலேயே மக்கள்தொகைக் கணக்கெடுப்புகளில் ஒரு குடும்பத்தின் சராசரி அளவு ஐந்து பேரை ஒட்டியே இருந்தது.

இதற்கு மக்கள்தொகை சார்ந்த காரணமும் உண்டு. 1941-51 பத்தாண்டில் பிறப்பின்போது எதிர்பார்க்கப்பட்ட ஆயுள் சுமார் 32 ஆண்டுகளே. குழந்தை இறப்பு மிகுதி இந்த எண்ணைத் தாழ்த்திக் காட்டுகிறது என்பது உண்மைதான். ஆயினும் மூன்று தலைமுறைகள் நெடுங்காலம் சேர்ந்து வாழும் வாய்ப்பு பல குடும்பங்களுக்குக் கிட்டவில்லை என்பதும் அதில் தெரிகிறது. 60 வயதைக் கடந்தோர் 1951இல் சுமார் 2 கோடி, 2011இல் 10.38 கோடி. ஆகவே பத்து, இருபது ஆண்டுகள் நீளும் முதுமையும், அதைப் பேணும் பொறுப்பும், பெருந்திரளான குடும்பங்களுக்குப் புதியவை. இழந்த பழமையை மீட்கும் முயற்சி என்று சட்டம் தன்னைச் சொல்லிக்கொண்டாலும், உண்மையில் அது முன்னெப்போதும் இவ்வளவு பெரிதாக இருந்திராத ஒரு நிலைமையையே எதிர்கொண்டது.

2. சாத்திரமும் காலனிய நீதிமன்றமும்

காலனிய நீதிமன்றங்கள் வகுத்த 'இந்துச் சட்டம்', முதிய பெற்றோர், மனைவி, வயது வராத மகன் ஆகிய மூவரையும் பேணுவது ஓர் ஆணின் தனிப்பட்ட கடமை என்றது. மிதாட்சரம் எடுத்தாளும் மனுவின் பெயரிலான கூற்று இதற்கு அடிப்படை. குடும்பச் சொத்து கையில் இருந்தாலும் இல்லாவிட்டாலும் இந்தக் கடமை தவறாது என்று சட்ட நூல்கள் விளக்கின. கடமைக்கு உரியவனாகச் சுட்டப்பட்டவன் மகன். மகள் மணமாகிச் சென்ற வீட்டுக்கு உரியவள். வட இந்தியாவின் பல சமூகங்களில் மகள் வீட்டில் பெற்றோர் நீர் அருந்துவதே தகாதது எனக் கருதப்பட்டது.

இசுலாமியச் சட்டம் வேறு விதமாகச் சென்றது. 1791இல் சார்லஸ் ஹாமில்டன் ஆங்கிலத்தில் பெயர்த்த 'ஹிதாயா'வின் ஹனஃபி மரபில், வசதியுள்ள மகனும் மகளும் வறிய பெற்றோரைப் பேணுவதில் சமமான பொறுப்புடையவர்கள். கிறித்தவர், பார்சி ஆகியோரின் தனிநபர் சட்டங்களிலோ பெற்றோர் பராமரிப்பு பற்றிய விதியே இல்லை.

ஆட்சியாளரின் சொந்த நாட்டில் நிலைமை என்ன? 1601ஆம் ஆண்டின் எலிசபெத் கால ஏழையர் சட்டம், வறிய பெற்றோரைப் பேணுமாறு பிள்ளைகளுக்கு ஆணையிட்டது; கூடவே, ஆதரவற்றோருக்காக ஊர்தோறும் வரி திரட்டும் பொறுப்பையும் நிறுவியது. இவ்விரண்டில் எதையும் ஆங்கிலேயர் இந்தியாவுக்குக் கொண்டுவரவில்லை. 1898ஆம் ஆண்டுக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 488ஆம் பிரிவு மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் மாதப் பராமரிப்புத் தொகை பெற வழிசெய்தது. பெற்றோர் அதில் இடம்பெறவில்லை. முதியோரைக் குடும்பமும் சாதியும் அறக்கட்டளைகளும் பார்த்துக்கொள்ளும் என்ற நம்பிக்கை, செலவில்லாத ஆட்சிக்கு மிகவும் வசதியாக இருந்தது. இந்தியக் குடும்பத்தின் பெருமையைப் பேசிப் பொதுப் பொறுப்பைத் தவிர்க்கும் வழக்கம் இங்கேதான் தொடங்குகிறது.

3. சம்பளம் யாருக்கு உரியது?

ஆங்கிலக் கல்வியும் அரசு வேலையும் வந்தபின் பெற்றோருக்கும் மகனுக்கும் இடையிலான பொருளாதார உறவு மாறியது. நிலத்தை ஆண்ட தந்தைக்கு மகன் கட்டுப்பட்டிருந்தான். சம்பளம் பெறும் மகனையோ தந்தை எதிர்பார்த்திருக்க வேண்டியதாயிற்று. குடும்பச் செலவில் படித்தவன் ஈட்டும் வருவாய் குடும்பத்துக்கே பொது என்பது மிதாட்சர மரபின் ஒரு விதி. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் மதராஸ் சட்ட மன்றத்தில் வி. பாஷ்யம் அய்யங்கார் இதை மாற்ற ஒரு முன்வரைவைக் கொண்டுவந்தபோது, அதற்குக் கடும் எதிர்ப்பு எழுந்தது, அது சட்டமாகவில்லை. 1921இல் பிரிவி கவுன்சில், குடும்பச் செலவில் படித்து ஐ.சி.எஸ். அலுவலரான ஒருவரின் வருவாயும் கூட்டுக் குடும்பச் சொத்தே என்று தீர்ப்பளித்தது. எம். ஆர். ஜெயகர் முன்னின்று கொண்டுவந்த 1930ஆம் ஆண்டின் இந்துக் கல்வி ஈட்டச் சட்டம் இந்த நிலையைத் தலைகீழாக்கியது. கல்வியால் ஈட்டிய பொருள், யார் செலவில் படித்திருந்தாலும், ஈட்டியவனுக்கே உரியதாயிற்று.

இந்தச் சீர்திருத்தம் மகனின் மனைவி மக்களுக்குப் பாதுகாப்பளித்தது. அதே வேளையில், அவனைப் படிக்கவைத்த பெற்றோரின் முதுமைக்கு இருந்த சொத்துவழிப் பிடிமானம் ஒன்றும் தளர்ந்தது. இது நிகழ்ந்து 87 ஆண்டுகள் கழித்து, 2017இல், அசாம் சட்டமன்றம் 'பிரணாம்' சட்டத்தை இயற்றியது. பெற்றோரைக் கைவிடும் அரசு ஊழியரின் சம்பளத்தில் 10 முதல் 15 விழுக்காடு வரை பிடித்தம் செய்து, பெற்றோரிடமும் அவர்களைச் சார்ந்திருக்கும் மாற்றுத்திறனாளி உடன்பிறப்பிடமும் சேர்க்க அது வழிசெய்கிறது. மகனின் கைக்கு முழுதாகச் சென்ற சம்பளத்தில் ஒரு பங்கை, அரசே பெற்றோருக்குத் திருப்பித் தர முன்வந்தது எனலாம்.

தாயின் நிலை இதனினும் நொய்தாக இருந்தது. கணவனை இழந்த தாய்க்குக் குடும்பச் சொத்தில் உணவும் உறைவிடமும் பெறும் உரிமை உண்டு, பங்கு இல்லை. 1937ஆம் ஆண்டுச் சட்டம் விதவைக்கு வாழ்நாள் அளவிலான உரிமையை மட்டும் அளித்தது. 1956ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டமே அவரைத் தன் பங்கின் முழு உரிமையாளர் ஆக்கியது. அதுவரை தாயின் முதுமை பெரும்பாலும் மகனின் மனத்தையும் மருமகளின் கையையும் நம்பியே இருந்தது.

4. மகளும் கடமைப்பட்டவள்

1956ஆம் ஆண்டின் இந்துத் தத்தெடுப்பு மற்றும் பராமரிப்புச் சட்டத்தின் 20ஆம் பிரிவு, தம்மைத் தாமே பேணிக்கொள்ள இயலாத முதிய பெற்றோரை மகனும் மகளும் பேண வேண்டும் என்றது. சாத்திரத்தின் மகன், சட்டத்தில் 'மகன் அல்லது மகள்' ஆனது அமைதியாக நிகழ்ந்த பெரிய மாற்றம். ஆயினும் உரிமையியல் நீதிமன்றத்தில் வழக்காடும் செலவையும் காலத்தையும் தாங்கும் முதியோர் சிலரே.

1974 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125ஆம் பிரிவில் தந்தையும் தாயும் முதன்முறையாக இடம்பெற்றனர். எல்லா மதத்தினருக்கும் பொருந்துவதும், குற்றவியல் நடுவர் முன் விரைவில் தீர்வு கிடைப்பதும் இதன் சிறப்புகள். உச்சவரம்பு மாதம் 500 ரூபாய்; 2001ஆம் ஆண்டுத் திருத்தம்தான் அந்த வரம்பை நீக்கியது. இப்பிரிவு 2024 ஜூலை முதல் புதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 144ஆம் பிரிவாகத் தொடர்கிறது.

பிரிவின் வாசகம் ஆண்பாலில் இருந்ததால், மணமான மகளை இது கட்டுப்படுத்துமா என்ற கேள்வி எழுந்தது. மருத்துவராகப் பணியாற்றிய மணமான மகள் ஒருவர் மீது தந்தை தொடுத்த வழக்கில், 1987இல் உச்ச நீதிமன்றம் விடையளித்தது. திருமணத்தால் மகள் என்ற உறவு அற்றுப்போவதில்லை. தனக்கெனப் போதிய வருவாய் இருந்தால் மணமான மகளும் பெற்றோரைப் பேணக் கடமைப்பட்டவளே. மகள்களை மட்டுமே பெற்ற பெற்றோர் ஆதரவின்றி விடப்படக் கூடாது என்பது நீதிமன்றத்தின் கவலைகளில் ஒன்று.

தீர்ப்பின் நியாயத்தில் குறையில்லை. ஆனால் கால வரிசையைக் கவனிக்க வேண்டும். பெற்றோரைப் பேணும் கடமை மகளுக்கு 1956இல் வந்தது, 1987இல் உறுதியானது. கூட்டுக் குடும்பச் சொத்தில் மகனுக்கு நிகரான பிறப்புரிமை ஆந்திரத்தில் 1986இலும் தமிழ்நாட்டில் 1989இலும் மகாராட்டிரத்தில் 1994இலும் கிடைத்தாலும், நாடு முழுவதற்குமாக அது 2005இல்தான் வந்தது. கடமையில் சமத்துவம் பெற்று ஏறக்குறைய அரை நூற்றாண்டு கழிந்த பின்னரே பெண் பங்கில் சமத்துவம் பெற்றாள்.

5. வாரிசு என்னும் புதிய கடமையாளர்

தனி மாநிலச் சட்டம் இயற்றியதில் இமாச்சலப் பிரதேசம் முன்னோடி. அதன் சட்டம் 2001ஆம் ஆண்டுக்குரியது. 2007 டிசம்பரில் நாடு தழுவிய சட்டம் வந்தது. பெற்றோர் தீர்ப்பாயத்தில் நேரடியாக மனுச் செய்யலாம், வழக்கறிஞர்களுக்கு இடமில்லை, 90 நாட்களுக்குள் முடிவு காண வேண்டும், மாதம் 10,000 ரூபாய்க்கு மிகாத தொகைக்கு உத்தரவிடலாம். முதியவரைக் கைவிட்டுச் செல்பவருக்கு மூன்று மாதம் வரை சிறை, 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.

இச்சட்டத்தின் புதுமை 'உறவினர்' என்ற வரையறையில் இருக்கிறது. பிள்ளைகளற்ற முதியவரின் சொத்தை இப்போது வைத்திருப்பவர், அல்லது அவருக்குப்பின் அடைய இருப்பவர், அவரைப் பேணக் கடமைப்பட்டவர். அத்தகையோர் பலர் இருந்தால், அடையும் சொத்தின் அளவுக்கேற்பப் பொறுப்பும் பகிரப்படும். இரத்த உறவின் கடமையாக இருந்தது, வாரிசுரிமையின் விலையாகவும் மாறியது.

23ஆம் பிரிவு இதே தருக்கத்தை இன்னும் தெளிவாக்குகிறது. அடிப்படைத் தேவைகளைக் கவனித்துக்கொள்ள வேண்டும் என்ற நிபந்தனையோடு முதியவர் எழுதிக்கொடுத்த சொத்து, அந்த நிபந்தனை மீறப்பட்டால், மோசடியால் பெறப்பட்டதாகக் கருதப்பட்டு செல்லாததாக அறிவிக்கப்படலாம். அத்தகைய நிபந்தனை இருந்ததை நிறுவ வேண்டும் என்று 2022இல் உச்ச நீதிமன்றம் கூறியது. 2025 ஜனவரியில், மத்தியப் பிரதேசத்துத் தாய் ஒருவரின் வழக்கில், முதியோர் நலனுக்கான இச்சட்டத்தைத் தாராளமாகவே பொருள்கொள்ள வேண்டும் என்று சொல்லி, மகனுக்கு எழுதிய தானப் பத்திரத்தை ரத்துசெய்தது. பத்திரம் எழுதிய பின் வீட்டைவிட்டு வெளியேற்றப்பட்ட பெற்றோருக்கு இப்பிரிவு உண்மையான காப்பு. ஆனால் எழுதிக்கொடுக்க எதுவும் இல்லாதவருக்கு, நிலமற்ற கூலித் தொழிலாளியின் தாய்க்கு, இதில் பிடித்துக்கொள்ள எதுவுமில்லை. அவருடைய மகனிடம் பராமரிப்புத் தொகை கோரலாம். மகனிடமே இல்லாததை எந்தத் தீர்ப்பாயமும் பெற்றுத்தர இயலாது.

6. 'வேண்டும்' என்பதும் 'லாம்' என்பதும்

அப்போது பொறுப்பு யாரைச் சேரும்? அரசமைப்பின் 41ஆம் பிரிவு, முதுமையில் பொது உதவி பெறும் உரிமையைப் பேசுகிறது. ஆனால் அரசின் பொருளாதார ஆற்றலின் எல்லைக்குள் என்ற வரம்போடு. உத்தரப் பிரதேசம் 1957இலும் மதராஸ் மாநிலம் 1962இலும் ஆதரவற்ற முதியோருக்கு ஓய்வூதியம் தரத் தொடங்கின. மதராஸில் தொகை மாதம் 20 ரூபாய். நடுவண் அரசு 1995 ஆகஸ்ட் 15 அன்று 65 வயதைக் கடந்த ஆதரவற்றோருக்கு மாதம் 75 ரூபாய் தரத் தொடங்கியது. 2006இல் அது 200 ரூபாய் ஆயிற்று. 2011இல் வயது வரம்பு 60ஆகக் குறைக்கப்பட்டு, 80ஐக் கடந்தோருக்கு 500 ரூபாய் ஆக்கப்பட்டது. 60 முதல் 79 வயது வரையிலானோருக்கு நடுவண் அரசின் பங்கு அந்த 200 ரூபாயிலேயே நிற்கிறது; மாநிலங்கள் தம் பங்கைச் சேர்ப்பதாலேயே கைக்கு வரும் தொகை கூடுகிறது.

2007ஆம் ஆண்டுச் சட்டத்தின் வினைச்சொற்களை ஒப்பிட்டாலே பொறுப்பு எவ்வாறு பகிரப்பட்டது என்பது விளங்கும். 4ஆம் பிரிவில் பிள்ளைகள் பெற்றோரைப் பேணக் கடமைப்பட்டவர்கள். 19ஆம் பிரிவில், மாவட்டத்துக்கு ஒன்றேனும் 150 பேர் தங்கும் முதியோர் இல்லத்தை மாநில அரசு அமைக்கலாம். குடும்பத்துக்கு 'வேண்டும்', அரசுக்கு 'லாம்'. பிரிட்டனிலோ 1948ஆம் ஆண்டின் தேசிய உதவிச் சட்டம், ஏழையர் சட்டத்தோடு சேர்த்துப் பிள்ளைகள் மீதான அந்தப் பழைய கட்டாயத்தையும் நீக்கியது. முதியோருக்கான பொறுப்பைப் பொது நிதி ஏற்றது. இந்தியா எதிர்த்திசையில் நடந்து, அரசின் பொறுப்பு நிலைபெறும் முன்பே பிள்ளைகளின் கடமையைக் கட்டாயமாக்கியது.

7. கவனிப்பவர் எங்கே?

2007ஆம் ஆண்டுச் சட்டத்தில் 'பராமரிப்பு' என்பதன் பொருள் உணவு, உடை, உறைவிடம், மருத்துவம். இவை அனைத்தும் பணமாக மாற்றத்தக்கவை. பக்கவாதத்தில் விழுந்த மாமனாரை இருமணிக்கொருமுறை புரட்டிப் படுக்கவைப்பதும், நினைவு தப்பிய தாய் தெருவிறங்கிப் போகாமல் காவலிருப்பதும் இந்த வரையறைக்குள் வருவதில்லை. தேசியப் புள்ளியியல் அலுவலகத்தின் 2019ஆம் ஆண்டு நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, வீட்டாரைக் கவனிக்கும் ஊதியமற்ற பணியில் ஒரு நாளில் ஈடுபட்டோர் பெண்களில் 27.6 விழுக்காடு, ஆண்களில் 14 விழுக்காடு. அவ்வாறு ஈடுபட்ட பெண்கள் சராசரியாக 134 நிமிடமும் ஆண்கள் 76 நிமிடமும் செலவிட்டனர். குழந்தைகளைக் கவனிப்பதும் இதில் அடங்கும். ஆயினும் உழைப்பு எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்பதில் ஐயமில்லை.

இவ்வுழைப்பில் பெரும்பகுதியைச் சுமக்கும் மருமகள், 2007ஆம் ஆண்டுச் சட்டத்தின் வாசகத்தில் இடம்பெறவே இல்லை. நடைமுறையில் அவர் தோன்றும் இடம், வெளியேற்றப்பட வேண்டியவர் என்ற இடம். கணவனோடு பிணக்கு ஏற்பட்டபின், மாமனார் மாமியார் இச்சட்டத்தின்கீழ் மனுச்செய்து மருமகளை வீட்டைவிட்டு வெளியேற்றும் வழக்குகள் பெருகின. பெங்களூருவிலிருந்து சென்ற அத்தகைய வழக்கொன்றில், 2020 டிசம்பரில் உச்ச நீதிமன்றம், குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் பெண்ணுக்கு அளிக்கும் உறைவிட உரிமையை மூத்த குடிமக்கள் சட்டத்தின் சுருக்க நடைமுறையால் அழித்துவிட முடியாது என்றது. இரு நலிந்த தரப்பினரைப் பாதுகாக்க எழுந்த இரு சட்டங்கள், ஒரே வீட்டின் வாசலில் மோதிக்கொண்டன.

2019இல் முன்வைக்கப்பட்ட திருத்த முன்வரைவு மருமகனையும் மருமகளையும் 'பிள்ளைகள்' என்ற வரையறைக்குள் கொண்டுவர முயன்றது. சட்டம் மருமகளைக் கண்டுகொள்ள முனைந்தபோதும், கடமைப்பட்டவர் பட்டியலில் சேர்க்கவே முனைந்தது; அவருடைய உழைப்புக்கு ஓய்வோ உதவியோ ஊதியமோ தருவது பற்றிய பேச்சு அதில் இல்லை. 17ஆம் மக்களவையோடு அந்த முன்வரைவு காலாவதியாயிற்று.

வேறு வழி சாத்தியமே என்பதற்குக் கேரளத்தின் 'ஆஸ்வாசகிரணம்' திட்டம் ஒரு சிறு சான்று. படுக்கையில் கிடப்பவரை வீட்டில் கவனித்துக்கொள்பவருக்கென மாதம் 600 ரூபாய் என்பது அதன் ஏற்பாடு. தொகை மிகச் சிறிது. ஆனால் உதவி நோயாளியின் பெயரில் இல்லாமல், கவனிப்பவரின் பெயரில் வழங்கப்படுகிறது என்பது கருத்தளவில் பெரிய மாற்றம். மறுபுறம், நடுவண் அரசின் பெண் ஊழியர்களுக்கு 2008 முதல் 730 நாட்கள் குழந்தைப் பராமரிப்பு விடுப்பு உண்டு. முதிய பெற்றோரைக் கவனிக்கவெனத் தனி விடுப்பு வகை இல்லை. பொதுவான பிற விடுப்புகளைத்தான் அதற்கு எடுக்க வேண்டும்.

பராமரிப்புச் சட்டங்கள் வீண் என்பது இதன் பொருள் ஆகாது. வீட்டை எழுதிக்கொடுத்து வீதிக்கு வந்தவருக்கு 23ஆம் பிரிவு கூரையை மீட்டுத்தந்திருக்கிறது; மகள்களை மட்டும் பெற்றோருக்கு 1987ஆம் ஆண்டுத் தீர்ப்பு துணைநின்றிருக்கிறது. ஆனால் இச்சட்டங்கள் யாவும் கைவிட்டவரைத் தேடிப்பிடிக்கவே வரையப்பட்டவை. கைவிடாதவர் எத்தனையோ மடங்கு அதிகம். வேலையை விட்டவர்கள், திருமணத்தைத் தள்ளிப்போட்டவர்கள், தம் முதுமைக்கென வைத்திருந்த சேமிப்பைப் பெற்றோரின் மருத்துவமனைக் கட்டணத்தில் கரைத்தவர்கள், 60 வயதில் 85 வயதுத் தாயைத் தூக்கி உட்காரவைப்பவர்கள். இவர்களைப் பற்றி 2007ஆம் ஆண்டுச் சட்டத்தில் ஒரு பிரிவும் இல்லை. குடும்பம் நலிந்துவிட்டது என்று வருந்தும் நோக்க உரைகள், நலியாமல் நின்று தாங்கும் இந்தக் கைகளை எண்ணிப் பார்க்கவில்லை. முதியோர் பராமரிப்பு பற்றி எழுதப்படும் அடுத்த சட்டம் எதுவாயினும், அதன் வரையறைப் பகுதியில் 'கவனிப்பவர்' என்ற சொல் இருக்கிறதா என்பதையே முதலில் பார்க்க வேண்டும்.